சிவப்பு ஜக்கு

மச்சான்: மோந்து பாரு.

மெக்கானிக்: பாத்துட்டேன்.

மச்சான்: இன்னொரு தடவை. நல்லா கிட்ட வெச்சு.

மெக்கானிக்: டிப்ஸ்டிக்கை மூக்குக்குள்ளயே சொருகிடுவே போல இருக்கே. தள்ளு மச்சான். ஆயில் எவ்வளவு இருக்குன்னு பாக்கத்தான் இந்தக் குச்சி, மூக்குப்பொடி போட இல்ல.

மச்சான்: என்ன வாசம் வருது, அதை மட்டும் சொல்லு.

மெக்கானிக்: ஆயில் வாசம்.

மச்சான்: என்ன ஆயில்?

மெக்கானிக்: என்ன ஆயில்னா... இன்ஜின் ஆயில். முப்பதாம் நம்பர். நீயும் நானும் இந்தக் காருக்குச் சொந்தக்காரங்க அந்தப் பல் டாக்டரம்மாவும் ஒரு வாரமா மண்டையை உடைச்சுக்கிட்டு முடிவு பண்ணினோமே, அதே முப்பது. காலைல நான்தான் ஊத்தினேன்.

மச்சான்: மாப்ள...

மெக்கானிக்: என்ன?

மச்சான்: என்கிட்ட விளையாடறியா?

மெக்கானிக்: நானா? வந்ததும் வராததுமா செருப்பைக் கூடக் கழட்டாம ஓடிவந்து குச்சியை உருவி என் மூஞ்சில நீட்டறது நீ. விளையாடறது நானா?

மச்சான்: இது முப்பது இல்ல. தொண்ணூறு. கியர் ஆயில்.

மெக்கானிக்: கியர் ஆயிலா?

மச்சான்: அழுகின முட்டையும் கருகின வெங்காயமும் சேந்த மாதிரி நாறுது. எனக்கு வாசல்லயே குமட்டுச்சு. இவ்வளவு நேரம் இதுக்குப் பக்கத்துலயே நின்னியே, உனக்கு ஒண்ணுமே தெரியலையா?

மெக்கானிக்: தெரியாம என்ன... லேசா ஏதோ இருந்துச்சு. நம்ம மகாராணி, இந்தக் காருக்கு வயசு எழுபது. உள்ள இருக்கற கசடு எந்தக் காலத்துக் கசடோ. சூடானா கொஞ்சம் நாறத்தானே செய்யும்னு...

மச்சான்: சூடானாவா? மாப்ள, இங்க பாரு. ஸ்டார்ட் பண்ணினியா?

மெக்கானிக்: பண்ணாம? சாயங்காலம் டாக்டரம்மா வர்றாங்க. ஞாயித்துக்கிழமை பழைய வண்டிங்க ஊர்வலத்துல இவதான் முதல்ல போறா. ஓட்டிப் பாக்காம எப்படி ஒப்படைக்கறது?

மச்சான்: எவ்வளவு நேரம் ஓட்டினே?

மெக்கானிக்: கொஞ்ச நேரம்.

மச்சான்: கொஞ்ச நேரம்னா?

மெக்கானிக்: முற்றத்துல நாலு சுத்து. அப்புறம் நிறுத்தி வெச்சு ஓடவிட்டேன். ஒரு அரை மணி இருக்கும்.

மச்சான்: குடி முழுகிப் போச்சு.

மெக்கானிக்: பதறாதே.

மச்சான்: பதறாம? உள்ள தண்டு சுத்தற இடம் பூரா பித்தளை வளையம், புஷ். கடைல விக்கற சாமானா அது? ஒரு புஷ் போச்சுன்னா கடைசல்காரன் கால்ல விழுந்து புதுசா கடையணும். கியர் ஆயில்ல இருக்கற கந்தகம் சூட்டுல பித்தளையைக் கடிக்கும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான்யா.

மெக்கானிக்: தெரியும்.

மச்சான்: டாக்டரம்மா கண்ணாடி மாதிரி மினுக்கற புது ஆயில் டின்னைத் தூக்கிட்டு வந்தாங்களே, இருக்கறதுலயே விலை கூடினதுன்னு. நீ என்ன பிரசங்கம் பண்ணினே? "அம்மா, இது சோப்பு கலந்த ஆயில். புது வண்டிக்கு அமிர்தம். இவ சம்ப்பை, அடித் தொட்டியைக் கழட்டிக் கழுவ நீங்க சம்மதிக்கல, இத்தனை வருஷக் கசடு அடில உக்காந்திருக்கு. இந்த ஆயில் அதைக் கரைச்சுக் கிளப்பிவிடும், கிளம்பினது போய் ஆயில் ஓட்டையை அடைக்கும், பேரிங்குக்குத் தண்ணி காட்டாம சாகடிச்சுடும். உக்காந்திருக்கற கசடை எழுப்பாதீங்க"ன்னு...

மெக்கானிக்: சொன்னேன். இப்பவும் சொல்றேன்.

மச்சான்: ஆயில்ல கலக்கற ஜிங்க் மருந்துக்கு அதுக்கு மேல பிரசங்கம். "ஒண்ணோட ஒண்ணு உரசற கேமுக்கும் டாப்பெட்டுக்கும் ஜிங்க் வேணும், ஆனா உப்பு மாதிரி. ஒரு மூடி அதிகமானாலும் பேரிங்கே கெட்டுடும்." அந்தம்மா வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்டாங்க. ஊரான் வாயைத் திறக்கவெச்சுப் பாக்கறவங்க, உன்கிட்ட அவங்க வாய் திறந்திருச்சு.

மெக்கானிக்: அதுக்கு என்ன இப்ப?

மச்சான்: அப்படிப் பேசின வாய் இருக்கற அதே மூஞ்சிலதான்யா மூக்கும் இருக்கு. அது எங்க போச்சு?

மெக்கானிக்: சளி.

மச்சான்: சளியா?

மெக்கானிக்: நேத்து ராத்திரில இருந்து மூக்கு அடைப்பு. அதான்.

மச்சான்: அடைச்ச மூக்குக்காரன் இப்படியா பேசுவான்? "ம", "ன" எல்லாம் மணியாட்டம் வருது.

மெக்கானிக்: போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டிய ஆளு நீ.

மச்சான்: பேச்சை மாத்தாதே. நான் ஜிங்க் மருந்து வாங்கிட்டு வர்ற வரைக்கும் ஆயிலைத் தொட மாட்டேன்னு சொன்னியா இல்லியா? ரெண்டையும் சேத்துக் கலக்கித்தான் ஊத்தணும்னு நீதானே சொன்னே?

மெக்கானிக்: சொன்னேன். நீ போனவன் வரக் காணோம். வெறும் ஆயிலை ஊத்தி ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாம், மருந்து வந்ததும் சேத்துக்கலாம்னு...

மச்சான்: அவசரம். பொறந்ததுல இருந்து ஒரு நாளும் அவசரப்படாதவன் இன்னிக்குப் போய்...

மெக்கானிக்: சரி, அதெல்லாம் இருக்கட்டும். நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. நான் எதுல இருந்து ஊத்தினேன்?

மச்சான்: எனக்கென்ன தெரியும்?

மெக்கானிக்: சிவப்பு ஜக்கு. இந்தப் பட்டறை ஆரம்பிச்ச நாள்ல இருந்து இன்ஜின் ஆயிலுக்குச் சிவப்பு ஜக்கு, கியர் ஆயிலுக்கு நீல ஜக்கு. மாறினதே கிடையாது. சிவப்பு ஜக்குக்குள்ள கியர் ஆயில் எப்படி வந்துச்சு?

மச்சான்: அது...

மெக்கானிக்: நான் ஊத்தி வைக்கல.

மச்சான்: ஜக்குல எது வேணா இருக்கட்டும்யா. மூடியைத் திறந்தா தெரியாதா? கண்ணைக் கட்டிவிட்டு பழைய ஆயிலை நீட்டினா, எந்த வண்டில இருந்து வடிச்சது, எத்தனை நாள் ஓடினதுன்னு சொன்னவன் நீ. டீசல்ல மண்ணெண்ணெய் கலந்திருக்குன்னு நீ வாசல்ல நின்னே சொல்லி, அந்த பங்க்காரன் உன்னைப் பாத்தா இன்னும் தெரு மாறிப் போறான்.

மெக்கானிக்: அவன் கலந்தான், நான் சொன்னேன்.

மச்சான்: அந்த மூக்குக்காரன்தான் இன்னிக்குக் கியர் ஆயிலை இன்ஜின்ல ஊத்தியிருக்கான்.

மெக்கானிக்: பேசினது போதும், ட்ரேயை எடு. சூடு ஆறறதுக்குள்ள வடிச்சுடணும். சூட்டோட வடிச்சாதான் அடி வரைக்கும் இறங்கும்.

மச்சான்: எந்த ட்ரே?

மெக்கானிக்: பெருசு. அந்த ப்ளோ லாம்ப்புக்குப் பக்கத்துல கிடக்கு பாரு.

மச்சான்: அதை ஏன் எரியவிட்டு வெச்சிருக்கே?

மெக்கானிக்: ஆயில் பைப்புல ஒரு ஜாயிண்ட் கசியுது, ஈயம் வைக்கலாம்னு பத்தவெச்சேன். அதுக்குள்ள நீ புயலாட்டம் வந்துட்டே. பிடி... இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு. ப்ளக்கைத் திறக்கறேன், கையை எடுத்துக்கோ.

மச்சான்: பாரு எப்படி வருதுன்னு. கூழு மாதிரி. இதைப் பாத்தாவது தெரிஞ்சிருக்காதா?

மெக்கானிக்: விரல்ல தேச்சுப் பாத்தேன். கொஞ்சம் கெட்டியாத்தான் இருந்துச்சு. காலைல குளிரு. ஆயில் குளிருக்குக் கெட்டியா இருக்குன்னு நினைச்சேன்.

மச்சான்: தேச்சுப் பாத்தே. மோந்து பாக்கல.

மெக்கானிக்: மோந்தும் பாத்தேன்.

மச்சான்: பாத்து?

மெக்கானிக்: வடியுது பாரு, ட்ரேயைப் பிடி. சிந்தாதே.

மச்சான்: சிந்தல.

மெக்கானிக்: வடிஞ்சு முடியட்டும். டீசல் ஊத்தி அலசினா கசடு கிளம்பிடும், அது வேண்டாம். அப்புறம் உண்மையான முப்பதை ஊத்தி ஓடவிட்டு, அதையும் வடிச்சுட்டு, மறுபடி புதுசு. மருந்து கொண்டு வந்திருக்கேல்ல?

மச்சான்: பையில இருக்கு.

மெக்கானிக்: சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடலாம். டாக்டரம்மாவுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்.

மச்சான்: தெரிய வேண்டாமா? அவங்க பொருளுய்யா.

மெக்கானிக்: சரி, நானே சொல்லிடறேன். வேலையை முடிச்சுட்டுச் சொல்றேன். சின்ன ட்ரேல டீசல் ஊத்தி வைக்கறேன், அந்தக் கழட்டின ப்ளக்கையும் வாஷரையும் கழுவிடலாம்... லாம்ப் பக்கத்துலயே வெச்சுக்கறேன், இங்கதான் வெளிச்சம்.

மச்சான்: அது எந்த டின்?

மெக்கானிக்: டீசல் டின். மூலைல இருந்தது.

மச்சான்: மாப்ள.

மெக்கானிக்: என்ன?

மச்சான்: அசையாதே.

மெக்கானிக்: என்னடா ஆச்சு?

மச்சான்: சொல்றதைக் கேளு. டின்னைச் சாய்க்காதே. கீழயும் வைக்காதே. அப்படியே நில்லு. நான் வந்து லாம்ப்பைத் தூக்கிட்டு வெளியே போறேன். நான் போற வரைக்கும் மூச்சுகூட மெதுவா விடு.

மெக்கானிக்: மச்சான், டீசல்டா இது...

மச்சான்: பெட்ரோல். டாக்டரம்மா டிரைவர் நேத்து டேங்க்ல இருந்து உறிஞ்சி வெச்சுட்டுப் போன பெட்ரோல். இங்க இருந்தே எனக்கு மூக்கு எரியுது. நில்லு... நகராதே... எடுத்துட்டேன்.

மெக்கானிக்: நான் நகரல, நீ போ.

மச்சான்: அணைச்சாச்சு. வெளிய மண்ணுல வெச்சுட்டு வந்துட்டேன். இப்ப டின்னைக் கீழ வை. மெதுவா.

மெக்கானிக்: வெச்சுட்டேன்.

மச்சான்: உக்காரு.

மெக்கானிக்: மச்சான்...

மச்சான்: உக்காருய்யா முதல்ல. தண்ணி குடி. எனக்கும் கொஞ்சம் வை.

மெக்கானிக்: நிஜமாவே பெட்ரோலா?

மச்சான்: நிஜமாவேவா? கேக்கறியே, இதைக் கேக்கறியே... மாப்ள, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. உனக்கு வாசமே தெரியாதா?

மெக்கானிக்: தெரியாது.

மச்சான்: கொஞ்சம் கூடவா?

மெக்கானிக்: கொஞ்சம் கூட இல்ல.

மச்சான்: எப்ப இருந்து?

மெக்கானிக்: மழைக் காலத்துல ஒரு காய்ச்சல் வந்து படுத்தேனே. எழுந்தேன், அது எழல.

மச்சான்: அப்ப இருந்தா? அடேய்... அதுக்கப்புறம் எத்தனை வண்டி வேலை பாத்திருக்கோம். எத்தனை ஆயில் மாத்தியிருக்கோம். ஒண்ணுல கூடத் தப்பு வரலையே, எப்படி?

மெக்கானிக்: உன்னை வெச்சுத்தான்.

மச்சான்: என்னையா?

மெக்கானிக்: எந்த டப்பாவைத் திறந்தாலும் உன்னைப் பக்கத்துல கூப்பிட்டுக்குவேன். திறந்துட்டு உன் மூஞ்சியைப் பாப்பேன். கியர் ஆயில்னா உன் மேல் உதடு போய் மூக்கோட ஒட்டிக்கும். பெட்ரோல்னா கண்ணைச் சுருக்குவே. நல்ல ஆயில்னா உனக்கு ஒண்ணுமே ஆகாது, பேசிக்கிட்டே இருப்பே. நீ பேசிக்கிட்டே இருந்தா நான் ஊத்திடுவேன்.

மச்சான்: அதான் "மச்சான் இங்க வா, மச்சான் இதைப் பிடி"ன்னு... நான் உனக்கு என் மேல பாசம் கூடிப் போச்சுன்னு நினைச்சேன்யா.

மெக்கானிக்: பாசமும்தான்.

மச்சான்: சிரிக்காதே. இன்னிக்குக் காலைல நான் இல்ல.

மெக்கானிக்: மூஞ்சி இல்ல. சிவப்பு ஜக்கு இருந்துச்சு. ஜக்கை நம்பினேன். என்ன, உனக்கு முகம் செத்துப் போச்சு?

மச்சான்: ஒண்ணுமில்ல. டாக்டர்கிட்ட காட்டினியா?

மெக்கானிக்: காட்டினேன், யாருக்கும் சொல்லாம. "சில பேருக்குத் திரும்பி வரும், சில பேருக்கு வராது, காத்திருங்க"ன்னாரு. காத்துக்கிட்டு இருக்கேன்.

மச்சான்: என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு? நான் என்ன அசலா? என் தங்கச்சியைக் கட்டினவன் நீ.

மெக்கானிக்: அதனாலதான் சொல்லல. உன்கிட்ட சொன்னா அது உன் தங்கச்சிக்குப் போகும்.

மச்சான்: போனா என்ன?

மெக்கானிக்: திங்கக்கிழமை அவ வேலைல சேரப் போறா மச்சான். எவ்வளவு ஆசையாப் படிச்சா, பரீட்சை எழுதினா. குட்டி பொறந்ததும் எல்லாத்தையும் மூட்டை கட்டி வெச்சா. இப்பதான் மறுபடி கூப்பிட்டிருக்காங்க. காலைல நான் குட்டியைப் பாத்துக்கறேன், மத்தியானத்துக்கு மேல பட்டறைக்கு வரேன், அதுக்குள்ள அவ வந்துடுவான்னு கணக்குப் போட்டு வெச்சிருக்கோம். எனக்கு இப்படின்னு தெரிஞ்சா அவ குழந்தையை என்கிட்ட விடுவாளா?

மச்சான்: மாப்ள...

மெக்கானிக்: விட மாட்டா. "எனக்கு வேலை வேண்டாம்"னு சொல்லிடுவா. அதுவும் அழாம சொல்லுவா, அதை என்னால பாக்க முடியாது. அவ சேரட்டும். ஒரு மாசம் போகட்டும். அங்க காலூன்றின பிறகு நானே சொல்றேன்.

மச்சான்: இப்ப நடந்ததைப் பாத்துட்டுமா இதைச் சொல்றே? லாம்ப்புக்கு ஒரு முழம் தள்ளி பெட்ரோல் டின்னோட நின்னே.

மெக்கானிக்: பட்டறை வேற, வீடு வேற. வீட்ல என்ன பெட்ரோலா இருக்கு? அவகிட்ட சொல்லாதே. உன் காலைப் பிடிக்கறேன்.

மச்சான்: காலையெல்லாம் விடு. நான்... நான் ஒண்ணும் சொல்லல.

மெக்கானிக்: சத்தியமா?

மச்சான்: நான் வாயைத் திறக்க மாட்டேன். போதுமா? போ, வேலையைப் பாரு.

மெக்கானிக்: வண்டிக்கு அடியில போய் ஸ்ட்ரெய்னரை, அந்த ஆயில் சல்லடையைக் கழட்டிப் பாக்கறேன். புஷ் அரிச்சிருந்தா பித்தளைப் பொடி அதுல நிக்கும். அந்த டார்ச்சைக் குடு. டீசல் நீயே மோந்து பாத்து எடுத்து வை.

மச்சான்: வெச்சிருக்கேன். போ.

மெக்கானிக்: ம்... கழண்டுடுச்சு. ஒரே கசடு. கொஞ்சம் பொறு, துணியால துடைச்சுப் பாக்கறேன்...

தங்கச்சி: அண்ணே. என்ன இது, தெரு முனை வரைக்கும் கந்தகம் நாறுது?

மச்சான்: நீயா? நீ ஏம்மா இப்ப வந்தே? குட்டி எங்க?

தங்கச்சி: பக்கத்து வீட்ல தூங்கறா. எனக்கு வீட்ல இருப்புக் கொள்ளல. என்ன ஆச்சுண்ணே? கண்டுபிடிச்சாரா?

மச்சான்: ஷ்... அப்புறம் பேசலாம். நீ வீட்டுக்குப் போ.

தங்கச்சி: அவர்தான் இங்க இல்லையே. சொல்லு. நான் சொன்ன மாதிரி ஜக்குல ஆயிலை மாத்தி வெச்சியா? மூடியைத் திறந்ததும் அவருக்குத் தெரிஞ்சுதா, இல்லியா?

மச்சான்: அம்மா தாயே, வாயை மூடு.

மெக்கானிக்: மாத்தி வெச்சாரு. தெரியல.

மச்சான்: மாப்ள, வெளிய வா. இடிச்சுக்காதே... தலை, தலை.

மெக்கானிக்: என் தலைக்கு என்ன, அது நல்லாத்தான் இருக்கு. வேலை செய்யாதது மூக்கு மட்டும்தான். அதைத்தான் அண்ணனும் தங்கச்சியும் கூடி பரீட்சை வெச்சுக் கண்டுபிடிச்சுட்டீங்களே.

மச்சான்: நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு...

மெக்கானிக்: "ஜக்குல எது வேணா இருக்கட்டும்"னே. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். நீ ஓடிவந்து மகாராணியோட குச்சியை நேரா உருவினே. ஆயில் ஊத்திட்டியான்னு கூடக் கேக்கல. என்ன இருக்குன்னு தெரிஞ்சவன்தான் அப்படி ஓடி வருவான்.

மச்சான்: நீ மருந்து வராம ஊத்த மாட்டேன்னு சொன்னதை நம்பித்தான்யா வெச்சேன். நான் வந்ததும் என் எதிர்ல மூடியைத் திறப்பே, திறந்ததும் தெரிஞ்சுடும், ஒரு சொட்டு கூட உள்ள போறதுக்கு முன்னாடி ஜக்கைப் பிடுங்கிடலாம்னு இருந்தேன். நீ ஊத்துவேன்னு கனவா கண்டேன்? பஸ்ஸு வழில நின்னுபோச்சு. பாதி தூரம் ஓடி வந்தேன். முற்றத்துல டயர் தடத்தைப் பாத்ததும் உசிரே போச்சு.

மெக்கானிக்: நீ எதிர்ல இருந்திருந்தா உன் மூஞ்சியைப் பாத்தே நான் பாஸ் பண்ணியிருப்பேன். அது தெரியுமா உனக்கு?

மச்சான்: இப்பத்தானே தெரியும்.

மெக்கானிக்: இந்த இன்ஜினா கிடைச்சுது உங்க விளையாட்டுக்கு? ஊர்ல வேற வண்டியே இல்லியா?

மச்சான்: புஷ்... புஷ் எப்படி இருக்கு?

மெக்கானிக்: பொழைச்சுது. ஸ்ட்ரெய்னர்ல ஒரு மினுக்கு இல்ல. அரை மணி சூட்டுல அரிக்கறதுக்குள்ள வடிச்சுட்டோம். அவ பொழைச்சுட்டா. நான்தான் செத்தேன்.

தங்கச்சி: அப்படிப் பேசாதீங்க.

மெக்கானிக்: வேற எப்படிப் பேசறது? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நீ. ஒரு வீட்ல, ஒரே தட்டுல சாப்பிடறோம். புருஷன்கிட்ட கேக்கறதுக்கு அண்ணனைத் தூது விடுவாங்களா?

தங்கச்சி: கேட்டேன்.

மெக்கானிக்: எப்பக் கேட்டே?

தங்கச்சி: "இந்தப் பால் நல்லா இருக்கா பாருங்க"ன்னு டம்ளரை நீட்டினேன். நீங்க மோந்து பாத்துட்டு, "வாசமாத்தானே இருக்கு, குட்டிக்குக் குடு"ன்னீங்க. அது புளிச்சுப் போன முந்தின நாள் பால். அப்பவாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன். மறுநாள், "என்னங்க, உடம்புக்கு ஏதாவதா?"ன்னு கேட்டேன். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்"னீங்க. மூணாவது தடவை கேட்டா மூணாவது பொய் வரும். அதான் அண்ணன்கிட்ட போனேன்.

மச்சான்: அழுதுக்கிட்டு வந்தா மாப்ள. எனக்கு நம்பிக்கையே இல்ல. "உன் புருஷன் மூக்கா? போடி பைத்தியம்"னேன். சரி, அவ மனசு ஆறட்டும், ஒரு தடவை பாத்துடலாம்னுதான்...

மெக்கானிக்: சரி, ஒத்துக்கறேன். மறைச்சேன். எனக்காக மறைக்கல. நீ திங்கக்கிழமை நிம்மதியா கிளம்பிப் போகணும்னு மறைச்சேன்.

தங்கச்சி: திங்கக்கிழமை நான் போகல.

மெக்கானிக்: இதோ. இதுக்குத்தான் பயந்தேன். மச்சான், கேட்டியா? நான் சொன்னேன்ல?

தங்கச்சி: இப்ப முடிவு பண்ணினது இல்ல. வேலைக்கு வரலைன்னு கூப்பிட்டவங்ககிட்ட போன வாரமே சொல்லிட்டேன்.

மெக்கானிக்: போன வாரமேவா?

மச்சான்: என்கிட்ட கூடச் சொல்லலையே நீ.

மெக்கானிக்: புதுச் செருப்பு வாங்கினே. நேத்து ராத்திரி சாப்பாட்டு டப்பா எடுத்துக் கழுவி வெச்சே. "திங்கக்கிழமை குட்டிக்கு எத்தனை மணிக்குப் பால் குடுக்கணும், சொல்லுங்க பாக்கலாம்"னு என்னைப் படிக்க வெச்சே. எல்லாம் நடிப்பா?

தங்கச்சி: நீங்களா சொல்றதுக்கு ஒரு வழி விட்டு வெச்சேன்.

மெக்கானிக்: ஏன்டி? ஒரு மூக்குக்காகவா? உலகத்துல கண்ணு இல்லாதவன் பிள்ளை வளக்கலையா, காது கேக்காதவன் வளக்கலையா? கெட்டுப் போன பாலுக்காக யாராவது இத்தனை வருஷம் காத்திருந்த வேலையை விடுவாங்களா? அப்படி என்ன பெருசா நடந்துபோச்சு?

தங்கச்சி: போன வாரம் நான் கடைக்குப் போயிட்டு வந்தேன். கதவைத் திறந்தா கேஸ். வீடு பூரா கேஸ். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிருந்துச்சு, குமிழ் முழுசாத் திறந்து கிடந்துச்சு. நீங்க குட்டியை மடியில போட்டுக்கிட்டு கூடத்துல உக்காந்து கிலுகிலுப்பை ஆட்டிக்கிட்டு இருந்தீங்க. எனக்குக் கத்தக் கூட வரல. கத்தினா நீங்க எழுந்து லைட்டைப் போட்டுடுவீங்களோன்னு பயம். நேரா போய் அடுப்பை மூடினேன். ஒவ்வொரு ஜன்னலாத் திறந்தேன். அப்ப நீங்க என்னைத் திரும்பிப் பாத்து, "குட்டிக்குச் சளி பிடிச்சுக்கும், எல்லாத்தையும் சாத்து"ன்னு சொன்னீங்க.